கல்யாணத்துக்குப் போன தட்டு

1

ஊரில் இருப்பவர்களிடம் இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். எங்கள் அம்மாவின் மயில் தட்டு ஜப்பான் தட்டு! ஏலப்பாறை எஸ்டேட் லயத்து ஒற்றை அறை வீட்டில், மண்ணெண்ணெய் டின்னுக்கும் அரிசிப் பானைக்கும் நடுவே பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தோமே, அதே தட்டுதான். நான் இப்போது குடியிருக்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ கப்பலேறிப் போயிருக்கிறது. அது வந்த வழியில் திரும்பி நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், அது தெரியாமலே!

சரி, மூச்சு விட்டுக்கொண்டு முறையாகச் சொல்கிறேன். என் பேர் மல்லிகா. அப்பாவும் அம்மாவும் ஏலப்பாறையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். கணவர் சிவராஜ் கொழிஞ்சாம்பாறைக்காரர், தென்னையும் நெல்லும் உள்ள வீடு. அவருக்கு ஆரித்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. ஜப்பானில் பீங்கான் முதன்முதலில் பிறந்தது ஆரித்தாவில்தான். இங்கே தெருவோரச் சுவரில்கூடப் பழைய சூளைச் செங்கல் இருக்கும். மகள் நிலா இங்கேயே பிறந்தவள், நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

நாங்கள் இந்த ஊரில் வந்து இறங்கிய நாளன்று வருஷா வருஷம் பாயசம் வைப்பேன். இந்த வருஷமும் வைத்தேன். நிலா குடித்துவிட்டு, "இன்னிக்கு என்ன?" என்றுகூடக் கேட்கவில்லை. தமிழில் நான் கேட்டால் ஜப்பானியத்தில் பதில் வரும், அதுவும் முனகலாக. "அம்மிணி, வாயத் தொறந்து பேசு" என்று அவள் அப்பா கெஞ்சுவார். ம்ஹூம்.

அன்று அவளே வாயைத் திறந்தாள். இலையுதிர்கால விழாவுக்கு அவள் வகுப்பில் ஒரு காட்சி வைக்கிறார்களாம். தலைப்பு 'எங்கள் வீட்டுப் பழைய தட்டு'. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுபோய், அதில் உள்ள படத்துக்கு என்ன அர்த்தம் என்று வந்தவர்களிடம் விளக்க வேண்டும்.

"நான் அன்னிக்கு ஸ்கூல் போகல" என்றாள்.

"ஏன்டி?"

"நம்ம கிட்ட என்ன இருக்கு? ஸ்டீல் தட்டு இருக்கு. நாம இந்த ஊர் ஆளு இல்ல."

இதைத் தமிழில் சொன்னாள், எனக்கு நன்றாக உறைக்கட்டும் என்று. உறைத்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கடையில் புதிதாக ஒன்று வாங்கலாமே என்றார் கணவர். "வாங்கினது வீட்டுத் தட்டாகுமா? போங்க அந்தப் பக்கம்!" என்று அவர் மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்.

2

எனக்கு வேலை ஒரு பழைய வெந்நீர் ஊற்று விடுதியில். சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கும் பாத்திர அறை என் பொறுப்பு. கழுவுவது, துடைப்பது, பெட்டியில் அடுக்குவது. நம் ஊரில் விருந்து என்றால் வாழையிலையை விரித்துப் போட்டுவிடுவோம், முடிந்தது கதை. இங்கே அப்படியில்லை. தட்டும் பேசும். வசந்தத்துக்குப் பிளம் பூ, வெயில் காலத்துக்கு அலை, இலையுதிர்காலத்துக்குப் புல்லும் நிலாவும். பருவம் மாறினால் அலமாரி மொத்தமும் மாறும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய குடும்பம் சாப்பிட வந்தது. எல்லாரும் கறுப்பு உடை. பெரிய மனிதர்கள் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டு, இருப்பதிலேயே நல்ல தட்டுகளை எடுத்து வைத்தேன். கொக்கும் ஆமையும், பைன் மரமும் மூங்கிலும் பிளம்மும் போட்டவை. முதலாளியம்மா வந்து பார்த்து வெளிறிப் போய்விட்டார். அது திவசச் சாப்பாடு! கொக்கும் ஆமையும் நீண்ட ஆயுளுக்கு. பைனும் மூங்கிலும் பிளம்மும் பனியிலும் வாடாத மூன்று, கல்யாணத்துக்கும் புத்தாண்டுக்கும் உரியவை. நம் ஊரில் துக்க வீட்டில் மங்களமேளம் வைத்த மாதிரி ஆகியிருக்கும். நல்லவேளை, சோறு போடுவதற்குள் மாற்றிவிட்டோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டையும் துடைக்கும்போதே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முடிவில்லாமல் சுருண்டு ஓடும் கொடி, குடும்பம் அறுபடாமல் தழைக்க. மாதுளை, பிள்ளைகள் நிறையப் பிறக்க. வௌவால் அதிர்ஷ்டமாம்! எங்கள் லயத்துக் கூரையில் தொங்கிய அதிர்ஷ்டத்தையெல்லாம் விளக்குமாற்றால் விரட்டிவிட்டோம்.

பாணியும் பலவிதம். வெறும் நீலத்தில் வரைந்தது ஒரு ரகம். பால் வெள்ளையைப் பெரும்பாலும் காலியாக விட்டு, ஓரமாக இரண்டு காடையையும் கொஞ்சம் தினைக்கதிரையும் மட்டும் வரைவது இன்னொரு ரகம். வாங்கியவர் ரசிகர் என்று பார்த்தாலே தெரியும். மூன்றாவது ரகத்தில் நீலத்துக்கு மேல் சிவப்பு, சிவப்புக்கு மேல் தங்கம், விரல் வைக்க வெள்ளை இடம் இருக்காது. இமாரி துறைமுகத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதில் இந்த ரகம் ஏராளம். எனக்குப் பிடித்தது அதுதான். கல்யாணப் பட்டுக்கு ஜரிகை போதாது என்று கடைக்காரரோடு சண்டை போடுகிற சாதியில்லையா நாம்!

3

நிலா ஸ்டீல் தட்டைப் பற்றிச் சொன்ன அடுத்த வாரம் விடுதியில் ஒரு கல்யாண விருந்து. முதலாளியம்மா, தான் மட்டுமே தொடுகிற மரப்பெட்டி ஒன்றைத் திறந்து, ஒரு பெரிய தட்டை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் தந்தார். வாங்கிப் பார்த்தேன். பெரிய பெரிய சிவப்புப் பூக்களுக்கு நடுவே, தோகையை விரித்துக்கொண்டு மேலிருந்து இறங்கும் ஒரு பறவை. விளிம்பைச் சுற்றி நீலத்தில் தங்கக் கொடி, இடையிடையே மாதுளை.

"மயிலு!" என்று கத்திவிட்டேன். தட்டைக் கீழே போடாதது எங்கள் குலதெய்வம் செய்த புண்ணியம்.

அடுப்படியிலிருந்தவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது, ஜப்பானிய வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "எங்க அம்மா தட்டு, எங்க அம்மா தட்டு" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குச் சுளுக்கிக்கொண்டதோ என்று முதலாளியம்மா முதுகைத் தடவிவிட்டார்.

அது மயில் இல்லையாம். ஹோஓ என்கிற தெய்வப் பறவையாம். நாட்டில் நல்லாட்சியும் அமைதியும் இருந்தால்தான் மண்ணில் இறங்குமாம். கூட இருப்பது பியோனிப் பூ, செல்வத்துக்கு அடையாளம். இதையெல்லாம் அவர் பொறுமையாக விளக்கினார். நான் தலையாட்டினேன். மனசுக்குள் 'அதெல்லாம் இருக்கட்டும், மயில்தான்' என்றேன்.

4

அம்மாவுக்கு அந்தத் தட்டு வந்த கதை இது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எஸ்டேட் கை மாறி, மேனேஜர் பங்களாவைக் காலி செய்தார்கள். சுத்தம் செய்யப் போன பெண்களிடம் ஆளுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். ஒருத்தி மெத்தை எடுத்தாள், ஒருத்தி சுவர்க்கடிகாரம். எங்கள் அம்மா பேச்சியம்மாள் இந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "முருகன் வாகனம்டீ, விட்டுட்டு வரவா முடியும்?" என்றார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு மெத்தை மேல் ஆசை.

அன்றிலிருந்து அந்தத் தட்டில் கறி மீன் பட்டதில்லை. வெள்ளிக்கிழமை மயிலின் நெற்றியில் குங்குமம். லயத்தில் எந்த வீட்டில் நிச்சயம் என்றாலும், தட்டு மாற்றுவதற்கு முதல் தட்டு அதுதான். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவே வெற்றிலை பாக்கு, பழம், சேலையோடு அது கை மாறும். முடிந்ததும் கழுவித் துடைத்து எங்கள் வீட்டுக்கு வரும். சில சமயம் பீர்மேடு வரைக்கும் போய்விட்டு வரும்.

இரவல் போகிற பாத்திரத்தில் பேர் வெட்டாமல் விடுவோமா? குடத்திலிருந்து கரண்டி வரை அம்மா பேர் புள்ளி புள்ளியாக இருக்கும். பேர் வெட்டுகிறவர் சந்தைக்கு வந்த அன்று அம்மா தட்டையும் தூக்கிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

"ஆத்தா, இது பீங்கான். உளி வச்சா ஒடஞ்சிரும்" என்றார் அவர்.

அம்மா தட்டைக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்பக்கம் நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி நாலு புள்ளி, சொரசொரப்பாக. "இந்தா பாரும், ஏற்கெனவே ஒருத்தரு பேர் வெட்ட ஆரம்பிச்சு பாதியில விட்டுருக்காரு. அவருக்கு ஒடையல, ஒமக்கு மட்டும் ஒடையுமோ?"

அந்த மனிதர் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் உளியை வைத்தார். 'பேச்சி' வரைக்கும் வெட்டினார். டிக் என்று ஒரு சத்தம். விளிம்பிலிருந்து மயில் தோகை வரை முடி மாதிரி ஒரு கோடு விழுந்தது. "இதோட விடு ஆத்தா. 'யம்மாள்' வேணும்னா தட்டு இருக்காது" என்று உளியைக் கீழே வைத்துவிட்டார். அம்மாவுக்குத் துளி வருத்தமில்லை. அதற்கப்புறம் தட்டு எவ்வளவு நாள் வெளியில் இருந்தாலும், "பேரு இருக்குல்ல, வந்துரும்" என்பார்.

5

விருந்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தம்பி முருகேசனுக்குப் போன் போட்டேன். ஏலப்பாறையில் ஜீப் ஓட்டுகிறான், வாகமண் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு திரிவான். கணவரும் நிலாவும் பக்கத்தில் இருந்தார்கள்.

"டேய் முருகேசா, அம்மா மயில் தட்டு எங்கடா?"

"அக்கா, நல்லாருக்கியானு ஒரு வார்த்தை கேட்டியா? எடுத்த எடுப்புல தட்டு!"

"நல்லாருக்கியா? தட்டு எங்க?"

அவனுக்குத் தெரியவில்லை. அம்மா கண்மூடுவதற்கு முன்பே, பக்கத்து லயத்து சரோஜா அக்கா தன் மகள் நிச்சயத்துக்கு வாங்கிக்கொண்டு போனாராம். பிறகு அவர்கள் குடும்பத்தோடு வட்டவடைக்குப் போய் கேரட் போட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மாவின் காரியத்தில் தட்டை யார் நினைத்தார்கள்?

நிலா முதல்முறையாகப் போனைப் பார்த்தாள். "அது நெஜமா இந்த ஊர்த் தட்டா?" என்று கேட்டாள்.

"சத்தியமா!"

"மயில்னு சொல்ற. ஹோஓவ மயில்னு நெனச்சிருப்ப. அடியில என்ன இருக்கும்?"

"அஞ்சு புள்ளி. எவனோ பேர் வெட்ட ஆரம்பிச்சது."

அவள் எழுந்தே விட்டாள். பெரிய தட்டைச் சூளையில் வைக்கும்போது நடுப்பகுதி தொய்ந்து விடாமல் இருக்க, அடியில் சின்னச் சின்ன மண்கூம்புகளால் முட்டுக் கொடுப்பார்களாம். வெந்ததும் அவற்றைத் தட்டி எடுத்தால் புள்ளியாகத் தழும்பு நிற்கும். ஆரித்தாத் தட்டுகளுக்கு அது ஒரு முக்கியமான அடையாளமாம். ஆசிரியை மோரி சொல்லிக் கொடுத்திருக்கிறார். யாரும் பேர் வெட்ட ஆரம்பிக்கவில்லை! எங்கள் அம்மா சூளைத் தழும்பைப் பார்த்துவிட்டுத்தான் உளியை வைக்கச் சொன்னார்! நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று! நானும் சிரித்தேன், கணவரும் சிரித்தார், என்ன ஏது என்று தெரியாமல் போனில் முருகேசனும் சிரித்தான்.

"மாமா, அந்தத் தட்டு எனக்கு வேணும்" என்றாள் நிலா, போனைப் பிடுங்கி. அவ்வளவுதான். மருமகள் கேட்டுவிட்டாளே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை சவாரியை விட்டுவிட்டு, நடுராத்திரியிலேயே வட்டவடைக்கு ஜீப்பைக் கிளப்பிவிட்டான்.

6

ஞாயிறு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டான். பின்னால் ஒரே நாதஸ்வரச் சத்தம்.

"அக்கா, நான் வட்டவடை போயிட்டேன்."

"அங்க என்னடா மேளம்?"

"வட்டவடையில தட்டு இல்லக்கா. காந்தலூருக்கு இரவல் போயிருக்கு, ஒரு நிச்சயத்துக்கு. இப்ப நான் காந்தலூர்ல நிக்கேன். சரோஜாக்காவும் இங்கனதான் இருக்கு."

போனைத் திருப்பினான். பந்தலில் ஜமுக்காளம், இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவே வரிசையாகத் தட்டுகள். முதல் தட்டில் மலைவாழைச் சீப்பு, வெற்றிலை, மடித்த சேலை. சேலைக்கு அடியிலிருந்து ஒரே ஒரு தோகை நுனி, சிவப்பும் தங்கமுமாக. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"மாமா, பழம் எடு! பழத்த அந்தப் பக்கம் வை!" என்று நிலா கத்துகிறாள், தமிழில்! பெண் வீட்டார் யார் கத்துவது என்று திரும்பிப் பார்க்கிறார்கள். "சும்மா இரு புள்ள, தட்டு மாத்தட்டும்" என்று முருகேசன் பல்லைக் கடித்தான். "அம்மிணி, நல்ல காரியம் நடக்குது, செத்த பொறு" என்றார் அவள் அப்பா. எங்கள் சாப்பாடு ஆறிப் போனது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் எழுந்து, தட்டை மாற்றி, குங்குமம் கொடுத்து முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் இங்கே மூச்சு விடாமல் நின்றோம். ஜப்பானில் ஹோஓ கல்யாண வீட்டுக்கு உகந்த பறவை. அது தெரியாமலே எங்கள் சனம் அதை அதே வேலைக்கு வைத்திருக்கிறது. இதை நினைக்க நினைக்க எனக்குப் புல்லரித்தது.

பிறகு சரோஜா அக்கா தட்டைக் காலிசெய்து, துடைத்து, போனுக்கு நேரே கவிழ்த்துப் பிடித்தார். முடி மாதிரிக் கோடு. அஞ்சு புள்ளி. அதற்குக் கீழே 'பேச்சி'.

"நாங்க வச்சுக்கணும்னு நெனைக்கல மல்லிகா" என்றார் அக்கா. "அந்தால இந்தால இரவல் போகும். காந்தலூரு, கோவிலூரு, எங்கிட்டுப் போனாலும் 'பேச்சி வீட்டுத் தட்டு'ம்பாக. திருப்பிக் குடுத்துருவாக."

"தொலஞ்சு போகாதா?" என்று கேட்டாள் நிலா.

"பேரு இருக்குல்ல கண்ணு, வந்துரும்."

நிலா திரையில் தெரிந்த அந்தப் புள்ளி எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

7

தட்டைப் பஞ்சில் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து அனுப்புவதென்று முடிவானது. முருகேசன் பெட்டிகூட வாங்கிவிட்டான். அப்போதுதான் கணவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி, "ஏம் புள்ள, இது நடக்காது போல" என்றார்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட இந்த மாதிரிப் பொருளைத் தனியாள் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பக் கூடாதாம். தொல்பொருள் சட்டம். "இது இந்தியாப் பொருளே இல்லையே! ஜப்பான்ல செஞ்சது, ஜப்பானுக்குத்தான் வருது!" என்று கத்தினேன். எங்கே செய்தது என்பது கணக்கில்லை, இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்காம். முருகேசன் தெரிந்த ஆபீஸில் எல்லாம் விசாரித்தான். "அபேட்சை, மனு எது குடுத்தாலும் நடக்காதுங்காங்கக்கா" என்றான். மோரி ஆசிரியை படத்தைப் பார்த்துவிட்டு, நூறு வருஷத்துக்கு மேல்தான், சந்தேகமில்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷமே எங்களுக்கு எதிரியாகிவிட்டது.

விழாவுக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. நிலாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. இவ்வளவு ஆசை காட்டி, இவ்வளவு ஆட்டம் போட்டு, கடைசியில் பழையபடி ஸ்டீல் தட்டு. அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சரி, விழாவன்று வயிற்று வலி என்று படுத்துக்கொள்வாள் என நினைத்தேன்.

மறுநாள் காலையில் வெளியே வந்து, "பாட்டி பேர எப்படி எழுதணும்? புள்ளி புள்ளியா" என்றாள்.

8

விழாவன்று பள்ளிக்கூட மண்டபத்தில் நீள மேஜை. ஒவ்வொரு பிள்ளைக்கு முன்னும் ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு சீட்டு. கடல் அலை, கொக்கு, மூங்கில். நிலாவின் இடத்தில் தட்டைச் சாய்த்து வைக்கிற மரத்தாங்கி மட்டும் காலியாக நின்றது. அருகே முருகேசன் எடுத்து அனுப்பிய இரண்டு படங்கள். ஒன்றில் வாழைப்பழத்துக்கு நடுவே பறவை. இன்னொன்றில் கவிழ்த்த அடிப்பக்கம்.

சீட்டில் 'வீட்டுப் பேர்' என்று ஓர் இடம். இந்த இடம்தான் இங்கே எங்களுக்குப் பெரிய ரோதனை. நமக்கு ஏது குடும்பப் பேர்? நகராட்சி அலுவலகத்தில் மல்லுக்கட்டி, கடைசியில் கணவரின் பேரையே குடும்பப் பேராக்கிவிட்டார்கள். பள்ளியில் என் மகளை 'சிவராஜ்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தச் சீட்டில் சிவராஜ் இல்லை. கறுப்பு மையால் புள்ளி புள்ளியாக, தமிழில், 'பேச்சி'. 'சி'யின் சுழி கொஞ்சம் கோணல்.

அதற்குக் கீழே ஜப்பானியத்தில் எழுதியிருந்தாள். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

'பறவை: ஹோஓ. எங்கள் வீட்டில்: மயில். செய்த ஊர்: இது. இந்தத் தட்டு இப்போது இங்கே இல்லை. ஒரு கல்யாணத்துக்கு இரவல் போயிருக்கிறது.'

அன்று அந்தக் காலித் தாங்கியின் முன்னால்தான் கூட்டம். தட்டு மாற்றுவது என்றால் என்ன, பேர் எதற்கு வெட்டுவது, விரிசல் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நிலா கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். 'டிக்' என்று உளிச் சத்தத்தைக்கூடச் செய்து காட்டினாள். ஒரு வயதான அம்மா படத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "அவ்வளவு தூரமா! திரும்பி வந்துவிடுமா?" என்று கவலையோடு கேட்டார்.

"பேரு இருக்குல்ல, வந்துரும்" என்றாள் நிலா.

தமிழில் சொல்லிவிட்டாள். அந்த அம்மா விழிப்பதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, அதையே ஜப்பானியத்தில் சொன்னாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். விடுதிப் பாத்திர அறையில் கத்தியதைவிடப் பெரிதாக ஒரு கத்து கத்தியிருப்பேன். அவள் முறைத்ததால் வாயை மூடிக்கொண்டேன்.